சமூக மறுவாழ்வு மையங்களும் சான்றுசார் சிகிச்சையும்: மலேசிய அனுபவத்தை முன்வைத்து ஒரு பார்வை

முன்னுரை

மலேசியத் தோட்டப்புறத் தமிழர் வாழ்வை ஆராய்ந்த நூல்களில் கள்ளுக்கடை தவறாமல் இடம்பெறுகிறது. தோட்ட நிர்வாகத்தின் கண்முன்னேயே, பெரும்பாலும் அதன் இசைவுடனேயே, அக்கடைகள் இயங்கின. தொழிலாளியின் ஊதியத்தில் ஒரு பகுதி அங்கேயே கரைந்தது. இதனை எதிர்த்துக் கெடா மாநிலத் தோட்டங்களில் 1946-47ஆம் ஆண்டுகளில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியலில் இறங்கியதும், அது தொழிலாளர் போராட்டமாக வளர்ந்து காவல்துறையின் அடக்குமுறைக்கு உள்ளானதும் நம் வரலாற்றில் பதிவாகியுள்ளன. அப்போராட்டம் கடையை மூடுவது பற்றியது. ஏற்கெனவே குடிக்கு அடிமையாகிவிட்டவரை எவ்வாறு மீட்பது என்னும் வினா அன்று எழவில்லை. எழுந்திருந்தாலும் விடை கூறும் மருத்துவம் அன்று இல்லை.

அவ்வினாவுக்கு நம் சமூகம் தானாகவே சில விடைகளைத் தேடிக்கொண்டது. கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வித்தல், மந்திரித்த கயிறு கட்டுதல், தைப்பூசத்திற்கு விரதம் இருக்கச் செய்தல், திருமணம் செய்து வைத்தால் திருந்திவிடுவான் என்று நம்புதல் ஆகியன அவற்றுள் சில. பின்னாளில் சமய அமைப்புகளும் தன்னார்வலர்களும் மறுவாழ்வு மையங்களைத் தொடங்கினர். இம்மையங்களை நடத்துவோரின் நல்லெண்ணத்தில் நமக்கு ஐயமில்லை. அவற்றுள் நடைபெறும் சிகிச்சை உண்மையில் பயன் தருகிறதா, அதனை எதைக் கொண்டு அறிவது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

சான்று என்பது யாது?

மறுவாழ்வு மையம் ஒன்றில் சிகிச்சை பெற்று நலமடைந்த ஒருவர் மேடையேறித் தம் கதையைச் சொல்லும்போது அவையோர் கண்கலங்குவது இயல்பு. அக்கதை உண்மையே. எனினும், அம்மையத்தின் முறையே அவரைக் குணப்படுத்தியது என்பதற்கு அது சான்றாகாது. குடிப்பழக்கம் உள்ளோரில் ஒரு சாரார் எவ்வகைச் சிகிச்சையும் இன்றித் தாமே விட்டுவிடுகின்றனர். வேறொரு சாரார் எச்சிகிச்சைக்குப் பின்னரும் திரும்பக் குடிக்கின்றனர். மேடைக்கு வருபவர் முதற் சாராரைச் சேர்ந்தவரா, சிகிச்சையால் பயனுற்றவரா என்பதைப் பார்வையாளர் அறிய வழியில்லை. மேடைக்கு வாராதவர் எத்தனை பேர் என்பதோ ஒருவரும் கேளாத கணக்கு.

இதனால்தான் ஒப்பீடு தேவைப்படுகிறது. ஒரே தன்மையுடைய நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவிற்கு மட்டும் புதிய சிகிச்சையை அளித்து, இரு குழுவினரையும் ஒரே கால அளவிற்குப் பின்தொடர்ந்து காணும் வேறுபாடே சான்று எனப்படுகிறது. இத்தகைய சான்றுகளால் உறுதிப்பட்ட முறைகளை நடைமுறைக்குக் கொண்டு வருவதையே சான்றுசார் சிகிச்சை என்கிறோம்.

ஆய்வுகள் நடந்த பின்னரும் அவற்றின் முடிவுகள் சமூக மையங்களைச் சென்றடைவதில்லை என்பது உலகெங்கும் உள்ள குறைபாடு. அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 1998ஆம் ஆண்டிலேயே இந்த இடைவெளியைப் பற்றித் தனி அறிக்கை ஒன்றை வெளியிட்டது. அந்நாட்டின் ஓரிகன் மாநிலம் 2003ஆம் ஆண்டில் ஒருபடி மேலே சென்றது. சிகிச்சைத் திட்டங்களுக்கான அரசு நிதியில் குறிப்பிட்ட விழுக்காடு சான்றுசார் முறைகளுக்கே செலவிடப்பட வேண்டுமெனச் சட்டம் இயற்றி, அவ்விழுக்காட்டை 25, 50, 75 எனப் படிப்படியாக உயர்த்தியது. சட்டத்தால் மட்டும் ஆலோசகரின் நாவை மாற்றிவிட முடியுமா என்பது வேறு வினா. அதனைப் பின்னர்க் காண்போம்.

பூசாட் செரெந்தி முதல் மெத்தடோன் வரை

போதைப்பொருளைப் பொறுத்தவரை இந்த இடைவெளி எவ்வாறு கடக்கப்படலாம் என்பதற்கு மலேசியாவே ஓர் எடுத்துக்காட்டு. 1983ஆம் ஆண்டு போதைப்பித்தர் (சிகிச்சை, மறுவாழ்வு) சட்டத்தின்படி, சிறுநீர்ச் சோதனையில் போதைப்பொருள் கண்டறியப்பட்டு, அடிமைப்பட்டவர் எனச் சான்றளிக்கப்பட்ட ஒருவரை நீதிபதியின் ஆணையால் ஈராண்டுகள் மறுவாழ்வு நிலையத்தில் தங்கவைக்க இடமிருந்தது. அதன்பின் ஈராண்டுகள் கண்காணிப்பு இருந்தது. பூசாட் செரெந்தி என்னும் பெயரில் இயங்கிய அந்நிலையங்களில் ஒழுங்கு, உடற்பயிற்சி, தொழிற்பயிற்சி, சமயபோதனை ஆகியவையே சிகிச்சையாகக் கருதப்பட்டன. உடலின் தேவைக்கு மருந்து எதுவும் இல்லை.

இதன் விளைவை நாட்டிற்கு முதலில் உணர்த்தியது வேறொரு நோய். 2002ஆம் ஆண்டில் மட்டும் மலேசியாவில் 6,978 பேருக்குப் புதிதாக எச்.ஐ.வி. தொற்று பதிவானது. அக்காலத்தில் தொற்றுக்கு ஆளானோருள் பெரும்பாலோர் ஊசிவழி ஹெராயின் பயன்படுத்தியவர்கள். கட்டாய மறுவாழ்வு வேலை செய்யவில்லை என்பதை அந்த எண் மறைக்க முடியாதபடி காட்டியது. 2005ஆம் ஆண்டில் மெத்தடோன் சிகிச்சை முன்னோட்டமாகத் தொடங்கப்பட்டது. 2006ஆம் ஆண்டில் ஊசிப் பரிமாற்றத் திட்டமும் வந்தது. 2010ஆம் ஆண்டு முதல் கட்டாய நிலையங்கள் சில, நோயாளி தாமே விரும்பி வந்து சேரும் மருந்தகங்களாக மாற்றப்பட்டன.

மெத்தடோன் என்பது 1965ஆம் ஆண்டில் நியூயார்க்கில் டோல், நைஸ்வாண்டர் ஆகிய இரு மருத்துவர்களால் ஹெராயின் அடிமைத்தனத்திற்கான சிகிச்சையாக அறிமுகப்படுத்தப்பட்டது. நாளுக்கு ஒருமுறை வாய்வழியாக அருந்தும் இம்மருந்து ஒரு நாள் முழுவதும் உடலில் நிலைத்து, விலகல் துன்பத்தையும் வேட்கையையும் அடக்குகிறது. மயக்கம் தருவதில்லை. நோயாளி வேலைக்குச் செல்லலாம். ‘ஒரு போதையை விட்டு இன்னொரு போதையைக் கொடுப்பதா?’ என்னும் வினா அன்றும் எழுந்தது. இன்றும் நம் கூட்டங்களில் எழுகிறது. நீரிழிவு நோயாளி நாள்தோறும் இன்சுலின் ஏற்றிக்கொள்வதை யாரும் அடிமைத்தனம் என்பதில்லை என்று மருத்துவர் விடை கூறுவர். நம் பார்வையில் இவ்வுவமை முழுமையானதன்று. இன்சுலினை நிறுத்தினால் வரும் துன்பத்திற்காக யாரும் வெட்கப்பட வைக்கப்படுவதில்லை. மெத்தடோன் அருந்துபவர் உறவினர் முன் வெட்கப்படுகிறார். அதனாலேயே பலர் அளவைக் குறைக்கச் சொல்லிக் கேட்கின்றனர். நாளொன்றுக்கு 60 மில்லிகிராமும் அதற்கு மேலும் அளிக்கும்போதே பெரும்பாலோர் சிகிச்சையில் நிலைக்கின்றனர் என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. குறைந்த அளவைக் கொடுத்துவிட்டு ‘மெத்தடோன் பலிக்கவில்லை’ என்பது, அரை வயிற்றுக்கு உணவிட்டுப் பசி தீரவில்லை என்று குறைகூறுவதைப் போன்றது.

மூவார் ஆய்வு

இத்துறையில் உலகம் மேற்கோள் காட்டும் ஆய்வுகளுள் ஒன்று ஜொகூர் மாநிலத்தின் மூவார் நகரில் நடைபெற்றது என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. 2003 முதல் 2005 வரை நடந்து, 2008ஆம் ஆண்டில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்த அந்த ஆய்வில் ஹெராயின் பழக்கத்திலிருந்து உடலளவில் விடுவிக்கப்பட்ட 126 பேர் பங்கேற்றனர். குலுக்கல் முறையில் ஒரு பிரிவினருக்கு நால்ட்ரெக்சோன், ஒரு பிரிவினருக்குப் புப்ரெனோர்பின், எஞ்சியோருக்கு மருந்தற்ற போலி மாத்திரை ஆகியன அளிக்கப்பட்டன. யார் எதைப் பெறுகிறார் என்பதை நோயாளியும் அறியார், மருத்துவரும் அறியார். மூன்று பிரிவினருக்கும் ஒரே வகையான உளவள ஆலோசனை 24 வாரங்களுக்கு வழங்கப்பட்டது.

புப்ரெனோர்பின் பெற்றவர்கள் மற்ற இரு பிரிவினரைக் காட்டிலும் நீண்ட காலம் சிகிச்சையில் நிலைத்தனர். ஹெராயினை மீண்டும் தொடும் நாளும் அவர்களிடம் தள்ளிப்போயிற்று. வேறுபாடு அத்துணைத் தெளிவாக இருந்தமையால் 22 மாதங்களில் ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. இங்கு நாம் ஊன்றி நோக்க வேண்டியது போலி மாத்திரை பெற்ற பிரிவினரையே. அவர்கள் பெற்றது நல்ல ஆலோசனை. பயிற்சி பெற்றவர்களால், வரையறுத்த கையேட்டின்படி அளிக்கப்பட்டது. நம் சமூக மையங்கள் பலவற்றில் கிடைப்பதைவிட அது மேலானது. இருந்தும், ஹெராயினைப் பொறுத்தவரை, மருந்தின் துணையின்றி ஆலோசனை மட்டும் போதவில்லை.

2017ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றொரு மலேசிய ஆய்வு கட்டாய நிலையங்களிலிருந்து வெளிவந்தோரையும், தாமே விரும்பி மெத்தடோன் சிகிச்சை பெற்றோரையும் ஒப்பிட்டது. முதற்பிரிவினருள் பாதிப்பேர் 31 நாள்களுக்குள் மீண்டும் போதைப்பொருளை நாடினர். இரண்டாம் பிரிவினரிடம் இதே நிலை வர 352 நாள்கள் ஆயின. இது குலுக்கல் முறை ஆய்வன்று. தாமே வருவோர் இயல்பிலேயே மனவுறுதி மிக்கவராக இருக்கலாம் என்னும் மறுப்புக்கு இடமுண்டு. ஆனால் ஒரு மாதத்திற்கும் ஓராண்டிற்கும் இடையிலான தொலைவை மனவுறுதி ஒன்றால் மட்டும் விளக்கிவிட இயலாது. ஈராண்டு அடைபட்டிருந்தவரின் உடல் பழைய அளவைத் தாங்கும் ஆற்றலை இழந்திருக்கும். வெளியே வந்து பழைய அளவையே ஏற்றிக்கொண்டால் மூச்சு நின்று உயிர் போகும் என்பதையும் குடும்பத்தார் அறிந்திருத்தல் வேண்டும். அச்சட்டத்திற்கு 2024ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவந்த பின்னரும் கட்டாயம் என்னும் கூறு முற்றாக நீங்கிவிடவில்லை.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மெத்தடோனும் புப்ரெனோர்பினும் அபின்வகைப் பொருள்களுக்கே உரியவை. இன்று இளைஞரிடையே பரவியுள்ள சியாபுவுக்கு அவை பயன்படா. அதற்கென உறுதிப்பட்ட மருந்தும் இல்லை. அங்கே சான்று மிகுந்திருப்பது, ஒருவகையில் விந்தையான முறையொன்றிற்கு: சோதனையில் போதைப்பொருள் இல்லை என்று தெரியும் ஒவ்வொரு முறையும் நோயாளிக்குச் சிறு பரிசு. அமெரிக்க உளவியலாளர் நான்சி பெட்ரி வகுத்த முறையில் நோயாளி ஒரு கிண்ணத்திலிருந்து சீட்டு எடுக்கிறார். 500 சீட்டுகளுள் பாதியில் பாராட்டுச் சொல் மட்டுமே இருக்கும். மற்றவற்றுள் பெரும்பாலானவை சிறு பரிசுகள். பெரும்பரிசு ஒன்றே ஒன்று. ‘குற்றவாளிக்குப் பரிசா?’ என்று மையப் பொறுப்பாளர்கள் முகம் சுளிப்பதுண்டு. முகச்சுளிப்பு, ஆய்வு முடிவுக்கு மறுப்பாகாது.

மது: நாம் கண்டுகொள்ளாத பாதி

போதைப்பொருளுக்குச் சட்டமும் நிறுவனமும் உள்ளன. மதுவுக்கு அவ்வாறில்லை. சம்சு குடித்துக் குடும்பத்தைச் சீரழித்தவரை எந்த நீதிபதியும் சிகிச்சைக்கு அனுப்புவதில்லை. 2017 டிசம்பரில் மது வாங்குவதற்கான குறைந்தபட்ச வயது 18இலிருந்து 21ஆக உயர்த்தப்பட்டது. ஏற்கெனவே நாற்பது வயதில் குடிநோயாளியாக இருப்பவருக்கு அதனால் பயனில்லை. ஆகவே அவரைச் சுமக்கும் பொறுப்பு மனைவியிடமும் கோயில் மண்டபத்திலும் சமூக மையத்திடமும் வந்து சேர்கிறது. சான்றின் தேவை இங்கேதான் மிகுதி. உயிர் ஆபத்தும் இங்கேதான் மிகுதி.

ஹெராயினை நிறுத்தினால் வரும் விலகல் துன்பம் கொடிது; எனினும் உடல்நலமுள்ளவருக்கு அது பெரும்பாலும் உயிரைப் பறிப்பதில்லை. மது அவ்வாறன்று. நாள்தோறும் மிகுதியாகக் குடித்து வந்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாளுக்குள் நடுக்கமும் மனக்குழப்பமும் இல்லாதன காணும் மருட்சியும் தோன்றி, கவனியாது விட்டால் மரணத்தில் முடியலாம். பேய் பிடித்துவிட்டது என்று இந்நிலையில் உள்ளவரைச் சங்கிலியால் கட்டிய நிகழ்வுகளைத் தோட்டத்து முதியவர்கள் நினைவுகூர்வர். டயசிபாம் வகை மருந்துகளை அளவறிந்து கொடுத்தால் வலிப்பைத் தடுக்கலாம். நெடுநாள் குடித்தவரின் உடலில் தயமின் எனப்படும் வைட்டமின் பி1 குறைந்திருக்கும். அதனை ஈடுசெய்யாவிடில் நினைவாற்றல் நிலையாகவே அழியக்கூடும். இவை இரண்டும் விலையுயர்ந்த மருந்துகள் அல்ல. மருத்துவர் ஒருவரும் வந்து பாராத மையமொன்று, சத்தியம் வாங்கிக்கொண்டு அன்றே குடியை நிறுத்தச் செய்வது பக்தியின் பெயரால் செய்யப்படும் ஆபத்தான மருத்துவம் என்றே நாம் கருதுகிறோம்.

இதனினும் கொடிய வழக்கமொன்று நம்மிடையே உண்டு. குடிப்பவருக்குத் தெரியாமல் காப்பியில் கலந்து கொடுக்கும் மருந்துகளுக்கான விளம்பரங்களைத் தமிழ் இதழ்களில் நாம் பலரும் கண்டிருக்கிறோம். அவற்றுள் என்ன உள்ளது என்பதை வாங்குபவர் அறியார். டைசல்பிராம் என்னும் மருந்து உடலில் உள்ளபோது மது அருந்தினால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் வீழ்ந்து, சிலருக்கு உயிரே போகும். நோயாளி அறிந்து, ஒப்புக்கொண்டு, மனைவியோ செவிலியரோ கண்காணிக்க உட்கொள்ளும்போது அம்மருந்து பயன்தரும் என்பதற்குச் சான்று உண்டு. மறைத்துக் கொடுப்பது சிகிச்சையன்று.

இனி, ஆலோசனையைப் பற்றி ஒரு சொல். அமெரிக்காவில் 1,726 பேரைக் கொண்டு நடந்து, 1997ஆம் ஆண்டில் வெளியான ‘மேட்ச்’ ஆய்வு மூன்று வகை ஆலோசனைகளை ஒப்பிட்டது. அவற்றுள் இரண்டு 12 அமர்வுகள் கொண்டவை. ஊக்கமூட்டும் முறை நான்கே அமர்வுகள் கொண்டது. பயனில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. நிதியும் ஆளும் இல்லாத நம் மையங்களுக்கு இதைவிட நற்செய்தி வேறில்லை. கோவாவில் நடந்து 2017ஆம் ஆண்டில் வெளியான ஆய்வோ இன்னும் நமக்கு நெருக்கமானது. உளவியல் பட்டம் எதுவும் இல்லாத, பயிற்சி மட்டுமே பெற்ற உள்ளூர்வாசிகள், ஆபத்தான அளவில் குடித்து வந்த ஆண்களுக்கு அதிகம் போனால் நான்கு அமர்வுகள் ஆலோசனை அளித்தனர். மூன்று மாதங்களில் ஆபத்தான குடியிலிருந்து மீண்டோர் 36 விழுக்காட்டினர்; வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றோரில் 26 விழுக்காட்டினர். பத்து விழுக்காடுதானா என்று கேட்கலாம். நேர்மையான கணக்கு இவ்வளவே தரும். நூற்றுக்குத் தொண்ணூறு என்று அறிவிக்கும் துண்டறிக்கைகளைத்தான் நாம் ஐயுற வேண்டும்.

தமிழகத்திலும் இதற்கு முன்னோடி உண்டு. சாந்தி ரங்கநாதன் 1980ஆம் ஆண்டில் சென்னையில் நிறுவிய டி.டி.கே. மருத்துவமனை, 1989ஆம் ஆண்டு முதல் மஞ்சக்குடி போன்ற சிற்றூர்களில் முகாம் முறையில் சிகிச்சை அளித்தது. மருத்துவரும் ஆலோசகரும் ஊரைத் தேடிச் சென்றனர்; குடும்பத்தினரும் ஊர்ப் பெரியோரும் சிகிச்சையில் பங்கேற்றனர். சமயத்தையும் மருந்தையும் எதிரெதிராக நிறுத்த வேண்டியதில்லை என்பதற்கு மலேசியாவிலேயே சான்றுண்டு. கோலாலம்பூர் அர்-ரஹ்மான் பள்ளிவாசலில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் போதையியல் மையத்தினர் ஆன்மிகப் பயிற்சியோடு மெத்தடோனையும் வழங்கும் திட்டத்தை 2010ஆம் ஆண்டில் தொடங்கினர். பள்ளிவாசலில் இயன்றது கோயில் மண்டபத்தில் ஏன் இயலாது?

பயிற்சியும் பதிவேடும்

ஒருநாள் பயிலரங்கு நடத்திச் சான்றிதழ் வழங்குவது நம் அமைப்புகளுக்குக் கைவந்த கலை. 2004ஆம் ஆண்டில் வில்லியம் மில்லர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதன் எல்லையைக் காட்டியது. ஊக்கமூட்டும் நேர்காணலில் பயிலரங்கு மட்டும் கண்ட ஆலோசகர்களின் திறன் சில மாதங்களில் தேய்ந்தது. அமர்வுகளின் ஒலிப்பதிவைக் கேட்டுக் குறைநிறை கூறப்பெற்றவர்களும், தொடர்ந்து வழிகாட்டப்பெற்றவர்களுமே திறனை நிலைநிறுத்திக்கொண்டனர். மில்லரின் முந்தைய ஆய்வொன்று, ஆலோசகர் எவ்வளவு கடிந்து பேசினாரோ அவ்வளவு மிகுதியாக நோயாளி ஓராண்டிற்குப் பின் குடித்தார் என்றும் கண்டிருந்தது. அறிவுரை கூறுவதையும் இடித்துரைப்பதையும் அன்பின் அடையாளமாகக் கருதும் நம் பண்பாட்டில் இம்முடிவை ஏற்பது எளிதன்று. மையத்தில் தொண்டாற்றும் மீண்ட நோயாளிகள், ‘என்னைத் திருத்தியது ஏச்சும் அடியுமே’ என்று உறுதியாகக் கூறுவர். அவர்களிடம் வாதிடுவதைவிட, ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டி, நோயாளி எந்த இடத்தில் வாயடைத்துப் போகிறார் என்பதைக் கேட்கச் செய்வதே பலன் தரும்.

நாம் சென்று கண்ட ஒரு மையத்தில் பதிவேடு நேர்த்தியாகப் பேணப்பட்டிருந்தது. பெயர், வயது, சேர்ந்த நாள், வெளியேறிய நாள், அதனை அடுத்து ‘நலம்’ என்னும் கட்டம். முழுக்காலமும் தங்கியிருந்தவர் அனைவர்க்கும் அக்கட்டத்தில் சரிக்குறி இடப்பட்டிருந்தது. வெளியேறிய பின் அவர் என்ன ஆனார் என்பதற்குக் கட்டமே இல்லை. மூன்று, ஆறு, பன்னிரண்டு மாதங்களுக்கான மூன்று கட்டங்களைக் கூட்டிக்கொள்ளச் செலவு ஏதுமில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் பத்து வினாக்கள் கொண்ட ‘ஆடிட்’ படிவத்தை, சேரும்போது ஒருமுறையும் தொலைபேசி வழியே பின்னர் மும்முறையும் கேட்டு எழுதினால் போதும். மொத்தம் 40 மதிப்பெண். 8ஓ அதற்கு மேலோ வந்தால் ஆபத்தான குடி. 20ஓ அதற்கு மேலோ வந்தால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய நிலை.

படிவத்தைத் தமிழில் கேட்கும்போது ஓர் இடர் உண்டு. ‘எத்தனை கோப்பை?’ என்பதற்கு ‘ஒரு சின்ன போத்தல்தான்’ என்னும் விடை வரும். 38 விழுக்காடு செறிவுள்ள மதுவில் 150 மில்லிலிட்டர் என்பது ஏறக்குறைய 45 கிராம் சாராயம். அதாவது பத்துப் பத்துக் கிராமாகக் கணக்கிடும் படிவத்தின்படி நான்கரைக் கோப்பை. வினவுபவர் இந்தக் கணக்கைத் தாளில் எழுதி அருகில் வைத்திருக்க வேண்டும்.

தொலைபேசியை எடுக்காதவர்களை என்ன செய்வது என்பது அடுத்த சிக்கல். போதைப்பொருள் சிகிச்சை ஆய்வுகள் பலவற்றில், தொடர்பில் இல்லாதவர் மீண்டும் பழக்கத்திற்குத் திரும்பியவராகவே கணக்கிடப்படுகிறார். நம் பதிவேட்டிலும் அக்கட்டத்தை வெறுமையாக விடாமல் ‘தொடர்பில்லை’ என்று எழுதி, அவரைத் திரும்பக் குடித்தவரோடு சேர்த்துக் கூட்ட வேண்டும். முதலாண்டில் அக்கூட்டுத்தொகை நன்கொடையாளர்க்குக் காட்ட விரும்பத்தக்கதாக இராது.